அத்தியாயம் 7: உருகும்போதே மாறும் கலவை

கொக்கிலமேடு, தேவனேரி, பட்டிபுலம், சதுரங்கப்பட்டினம் என்று மாமல்லபுரத்தை ஒட்டிய எந்தக் குப்பத்திலும் கிழிந்து கழித்துப்போட்ட வலைகளைப் பார்க்கலாம். ஒரு குவியலைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்று பொருள்கள் கிடைக்கும்: செவுள் வலையின் நைலான் நூலும் நரம்பும், இழுவலையின் பச்சை அல்லது நீல நிற எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) இழை, ஓரக் கயிறாக ஓடும் பாலிப்ரோப்பிலீன். தனித்தனியே மூன்றும் நல்ல பிளாஸ்டிக். சேர்த்து உருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆறிய பிறகு கையால் வளைத்தாலே அடுக்கடுக்காகப் பிரியும்.

கழுவுவதையும் தரம் பிரிப்பதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். நைலானின் அடர்த்தி 1.14, எச்டிபிஇயின் அடர்த்தி ஏறக்குறைய 0.95, பாலிப்ரோப்பிலீனுடையது 0.90. தண்ணீர்த் தொட்டியில் நைலான் மூழ்கும், மற்ற இரண்டும் மிதக்கும். சுத்தமாகப் பிரிகிற நைலான் 6க்கு வேறு நல்ல வழியும் இருக்கிறது. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் 2011 முதல் இத்தகைய கழிவைக் கேப்ரோலாக்டமாகவே உடைத்து மறுபடியும் நைலானாக்கி வருகிறது. நமக்குத் தலைவலி தருவது தொட்டியில் பிரியாத மிச்சம்: முடிச்சில் இறுகிய நரம்பு, நைலான் நூலோடு முறுக்கிக்கொண்ட எச்டிபிஇ கயிறு. இதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் மறைமலை நகர் வட்டாரத்து மோல்டிங் பட்டறை வாங்கும் குருணையாக்க வேண்டுமானால், எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே ஒரு வேதிவினையை நடத்தியாக வேண்டும். அப்படி வினை நடக்கும்போது உருகல் எப்படி ஓடும், அந்த ஓட்டத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

பேரலுக்குள் நடப்பது

நைலான் சங்கிலியின் முனையில் அமீன் தொகுதி இருக்கிறது. பாலிஎத்திலீனில் அதோடு சேரக்கூடிய எதுவும் இல்லை. அதனால் மெலியிக் அன்ஹைட்ரைடை ஒட்டவைத்த பாலிஎத்திலீனை, அதாவது கடையில் கம்பாடிபிலைசர் என்று கேட்டால் தருவதை, நூறு கிலோவுக்கு மூன்று முதல் பத்து கிலோ வரை சேர்க்கிறோம். உருகிய நிலையில் அமீனும் அன்ஹைட்ரைடும் சந்தித்தால் வினை நொடிக்கணக்கில் முடிந்துவிடும். இமைடு பிணைப்பு உண்டாகி ஒரு மூலக்கூறு தண்ணீர் வெளியேறும். ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் பாலிஎத்திலீனுமாக உருவான ஒட்டுச் சங்கிலி, இரண்டு உருகல்களும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் போய் அமரும். அங்கே இழுவிசை குறைவதால் துளிகள் சிறிதாக உடையும். அதைவிடப் பெரிய பயன், உடைந்த துளிகள் மீண்டும் சேராமல் அது காப்பது. வினை நடக்காத கலவையில் பத்து மைக்ரானையும் தாண்டிக் கிடக்கும் துளிகள், வினை நன்றாக நடந்தால் ஒரு மைக்ரான் அளவுக்கு இறங்கும். 1970களில் டூபாண்ட் கொண்டுவந்த ஸைடெல் எஸ்டி என்ற அதிவலிமை நைலானும் இதே வகை வினையால் உருவானதுதான்.

துளி உடைவதற்கு வேதியியல் மட்டும் போதாது. உருகல்களின் பாகுநிலையும் பொருந்த வேண்டும். ஜி. ஐ. டெய்லர் 1930களில் தொடங்கிவைத்த இந்த ஆராய்ச்சியை டூபாண்டின் கிரேஸ் விரிவாக அளந்து 1982இல் வெளியிட்டார். துளியின் பாகுநிலை சுற்றியுள்ள உருகலைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கைத் தாண்டிவிட்டால், வெறும் சறுக்கு ஓட்டத்தில் அந்தத் துளி எவ்வளவு நேரம் சுழன்றாலும் உடையாது. நம் வலைக் கலவையில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். இழுவலைக்கு வலுவான நூல் வேண்டும் என்பதால் அதன் எச்டிபிஇ நீண்ட சங்கிலியும் குறைந்த எம்எஃப்ஐயும் (உருகல் ஓட்டக் குறியீடு) கொண்டது. வெயிலிலும் உப்பிலும் கிடந்து சங்கிலி அறுந்த நைலானோ 240 டிகிரியில் தண்ணீராக ஓடும். கெட்டியான துளி, இளகிய கடல். ஸ்க்ரூவின் வேகத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண்வேலை, சூடுதான் ஏறும். உருகலை இழுத்து நீட்டும் ஓட்டம் தேவை. இரட்டை ஸ்க்ரூ எந்திரத்தில் பிசையும் பிளாக்குகள் அதைத் தருகின்றன. அல்லது எம்எஃப்ஐ அதிகமுள்ள எச்டிபிஇ மறுசுழற்சிக் குருணையைக் கொஞ்சம் கலந்து விகிதத்தைக் கீழே கொண்டுவாருங்கள். ஒற்றை ஸ்க்ரூ மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

ஒரு கணக்கு

கம்பாடிபிலைசர் விலை அதிகம் என்பதால் எவ்வளவு போடுவது என்ற கேள்வி எல்லாப் பட்டறையிலும் உண்டு. பையில் எழுதியிருக்கும் அன்ஹைட்ரைடு சதவீதத்தை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம்.

70 கிலோ நைலான், 25 கிலோ எச்டிபிஇ, 1 சதவீத அன்ஹைட்ரைடு கொண்ட கம்பாடிபிலைசர் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோவில் இருக்கும் அன்ஹைட்ரைடு 50 கிராம். அதன் மூலக்கூறு எடை 98, ஆகவே அரை மோல். நைலானில் கிலோவுக்கு 45 மில்லிமோல் அமீன் முனைகள் என்று கொண்டால் 70 கிலோவில் மூன்று மோலுக்குச் சற்று மேல். அன்ஹைட்ரைடு முழுவதும் வினையில் சேர்ந்தாலும் ஆறில் ஒரு அமீன் முனைதான் செலவாகும். அந்த அளவே எல்லைப் பரப்பை மூடப் பெரும்பாலும் போதும். கம்பாடிபிலைசரை 20 கிலோவாக ஏற்றினால் மூன்றில் இரண்டு முனைகள் கட்டுண்டுவிடும். அப்போது உருகல் கெட்டிப்பட்டு, டையில் அழுத்தம் ஏறி, குருணையின் விலையும் ஏறும், வலிமை அதே அளவுக்குக் கூடாது. அதிகம் போட்டால் அதிக நன்மை என்ற நினைப்பை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

இதே கணக்கை ஈரத்துக்கும் போடுங்கள். அரை மோல் வினையில் வெளியேறும் தண்ணீர் 9 கிராம்தான். 70 கிலோ நைலானில் 0.1 சதவீத ஈரம் தங்கியிருந்தால் அது 70 கிராம், கிட்டத்தட்ட நான்கு மோல். சராசரி மூலக்கூறு எடை 20,000 உள்ள 70 கிலோ நைலானில் மொத்தச் சங்கிலிகளே மூன்றரை மோல்தான். ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை அறுக்கும். தண்ணீர் முழுவதும் வினைபுரிந்தால் சங்கிலிகளின் எண்ணிக்கை இரட்டிப்பைத் தாண்டிவிடும். நடைமுறையில் வினை ஒரு சமநிலையில் நின்றுவிடுகிறது, தண்ணீரின் ஒரு பகுதி வெண்ட் வழியாகப் போய்விடுகிறது. ஆனாலும் நாம் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது இந்த எண்களில் தெரிகிறது. நான் பார்த்தவரை, கம்பாடிபிலைசரில் கிராம் கணக்குப் பார்க்கும் பட்டறைகள் உலர்த்துவதில் மணிக்கணக்கைக்கூடப் பார்ப்பதில்லை.

கடலோரத்தில் உலர்த்துவது உள்நாட்டில் உலர்த்துவதைப் போல இல்லை. சாதாரண ஹாட் ஏர் டிரையர் வெளிக்காற்றையே இழுத்துச் சூடாக்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையின் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டே இருக்கும், அதை 80 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அதிலுள்ள தண்ணீர் போய்விடாது. நைலான் ஒரு கட்டத்துக்குமேல் காயாது. காயவில்லையே என்று சூட்டை 110க்கு ஏற்றினால் காற்றுபட்டு மஞ்சளடிக்கும். ஈரம் நீக்கிய காற்றைத் தரும் டீஹியூமிடிஃபையிங் டிரையரோ, வெற்றிட டிரையரோ இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 80 டிகிரியில் ஆறு மணி நேரமாவது வையுங்கள். காய்ந்ததைத் திறந்த ஹாப்பரில் கொட்டி வைத்தால் சாப்பாட்டு இடைவேளைக்குள் மறுபடி ஈரம் வாங்கத் தொடங்கிவிடும்.

ஆம்பியர் முள்ளைப் படிப்பது

சாதாரண பிளாஸ்டிக்கின் பாகுநிலையை வெப்பத்தையும் சறுக்கு வீதத்தையும் சொன்னால் சொல்லிவிடலாம். வினைபுரியும் கலவைக்கு நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெல்லப்பாகின் பதம் வெல்லத்தில் மட்டும் இல்லை, அடுப்பிலிருந்த நேரத்திலும் இருக்கிறது அல்லவா, அப்படித்தான் இதுவும். பேரலில் எத்தனை நொடி இருந்தது என்பதைப் பொறுத்து, ஒரே பையிலிருந்து போட்ட பொருள் இரண்டு விதமாக ஓடும்.

அந்த நேரத்தை அளப்பது எளிது. எந்திரம் சீராக ஓடும்போது ஒரு சிட்டிகை கறுப்பு மாஸ்டர்பேட்சை ஹாப்பர் வாயில் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். டையில் முதல் கறுப்பு எப்போது வந்தது, எப்போது அடர்ந்தது, எப்போது முற்றிலும் மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நேரம் முதல் நேரத்தைப்போலப் பல மடங்கு நீண்டால் பேரலில் எங்கோ உருகல் தேங்குகிறது. அங்கே தங்கும் பொருள் வினைக்கு மேல் வினையாகி ஜெல் கட்டியாகப் பிற்பாடு வெளிவரும்.

பேனலில் இருக்கும் ஆம்பியர் மீட்டர்தான் பட்டறையின் மலிவான பாகுநிலைமானி. அதை நம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அரைத்த வலை பஞ்சுபோல இருப்பதால் ஹாப்பரில் பாலம் கட்டி விட்டுவிட்டு இறங்கும், முள்ளும் மேலும் கீழும் ஆடும். அதை வினை என்று எண்ணி ஏமாறுவார்கள். அக்லோமரேட்டரில் போட்டுச் சிறு உருண்டைகளாக்கி, தீனி சீரான பிறகுதான் அளவு எடுக்க வேண்டும்.

பிறகு ஒரே வெப்பம், ஒரே ஸ்க்ரூ வேகம், ஒரே தீனி அளவில் மூன்று ஓட்டங்கள் ஓட்டுங்கள். முதலில் நைலான் மட்டும். அடுத்து நைலானும் எச்டிபிஇயும் கம்பாடிபிலைசர் இல்லாமல். கடைசியாகக் கம்பாடிபிலைசரோடு. இரண்டாவது ஓட்டத்தில் ஒட்டாத எல்லைகளில் உருகல் வழுக்குவதால் ஆம்பியர் பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே நிற்கும். மூன்றாவதில் தெளிவாக ஏறினால் ஒட்டுவினை நடக்கிறது. நைலான் மட்டும் ஓட்டியபோதே முள் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு: மிகையாகக் காய்ந்த நைலான் உருகலில் தன் சங்கிலிகளையே நீட்டிக்கொள்ளும். முதல் ஓட்டத்தை வீண் என்று தவிர்ப்பவர்கள் இந்த ஏற்றத்தையும் கம்பாடிபிலைசரின் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் உருகலின் சூட்டையும் ஊசி வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள். பாகுநிலை ஏறினால் உராய்வுச் சூடும் ஏறும், அந்தச் சூடே பாகுநிலையை இறக்கி முள்ளைச் சமமாகக் காட்டிவிடும்.

பேரலின் தொடக்கப் பகுதியில் இன்னொரு மாற்றம் நடக்கிறது. எச்டிபிஇ 130 டிகிரிக்கு அருகே உருகிவிடும். நைலானுக்கு 220 வேண்டும். ஆகவே முதலில் குறைந்த அளவுள்ள எச்டிபிஇதான் கடலாகி, உருகாத நைலான் துண்டுகளைச் சுமந்து போகும். நைலான் உருகிய பிறகு நிலைமை தலைகீழாகி நைலான் கடலாகும். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு இடம் கொடுக்காமல் முதல் மண்டலத்திலேயே வெண்ட் திறந்த எந்திரங்களில் பொருள் வெண்ட் வழியாகப் பொங்கும். கம்பாடிபிலைசரை எச்டிபிஇயோடு முன்பே கலந்து போடுவது நல்லது. நைலான் உருகும் தறுவாயில் அன்ஹைட்ரைடு எல்லைக்கு அருகிலேயே காத்திருக்கும்.

எம்எஃப்ஐ எதைச் சொல்லும், எதை மறைக்கும்

வாங்குபவர் முதலில் கேட்பது எம்எஃப்ஐ. பாலிஎத்திலீனுக்குப் பழகிய 190 டிகிரியில் இந்தக் கலவையைச் சோதிக்காதீர்கள், நைலான் உருகவே உருகாது. 235 டிகிரி, 2.16 கிலோ எடை என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். மாதிரி காய்ந்திருக்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

எம்எஃப்ஐ 10 என்று வரும் பொருள் அந்தக் கருவியின் சிறு துளையில் நொடிக்கு ஏறக்குறைய 20 என்ற சறுக்கு வீதத்தில்தான் ஓடுகிறது. 40 மில்லிமீட்டர் ஸ்க்ரூ நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால், 7 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் சறுக்கு வீதம் 60. இன்ஜெக்‌ஷன் மோல்டின் கேட்டில் அது ஆயிரங்களில் இருக்கும். ஒட்டுவினை நடந்த கலவை மெதுவாக ஓடும்போது மிகவும் கெட்டியாகத் தெரியும், வேகமாகத் தள்ளினால் கிட்டத்தட்டச் சாதாரண நைலானைப்போல ஓடும். ஆகவே எம்எஃப்ஐ பாதியாகக் குறைந்ததைப் பார்த்து, மோல்ட் நிரம்பாது என்று ஒரு லாட்டைத் திருப்பி அனுப்புவது அவசரம். கேபில்லரி ரியோமீட்டரில் உயர்ந்த சறுக்கு வீதங்களிலும் அளந்து பார்த்துப் பேச வேண்டிய விஷயம் அது. கிண்டியில் 1968இல் தொடங்கிய சிப்பெட் போன்ற இடங்களை இதற்கு அணுகலாம்.

எம்எஃப்ஐயின் பெரிய ஆபத்து வேறு. ஈரம் நைலானை அறுத்து எண்ணை ஏற்றும். ஒட்டுவினை எண்ணை இறக்கும். இரண்டும் ஒரே லாட்டில் நடந்தால் எண் சென்ற மாதத்தைப்போலவே அழகாக வந்து நிற்கும். பொருள் மட்டும் மோல்டிலிருந்து எடுத்த கையோடு மூலையில் விரிசல் விடும். எண் மாறவில்லை என்பதால் பழி மோல்டிங்காரர்மேல் விழும். இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே மாதிரியை எம்எஃப்ஐ கருவியில் ஐந்து நிமிடம் தங்கவைத்து ஒருமுறையும், பதினைந்து நிமிடம் தங்கவைத்து ஒருமுறையும் அளவு எடுங்கள். இரண்டும் நெருங்கி இருந்தால் வினை பேரலிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது எண் ஏறியிருந்தால் ஈரமோ சிதைவோ தொடர்கிறது. இறங்கியிருந்தால் வினை பாதியில் நிற்கிறது, அது உங்கள் வாடிக்கையாளரின் எந்திரத்தில் போய் முடியும்.

ஒட்டுவினை நடந்ததா என்பதற்கு நேரடிச் சான்று வேண்டுமானால் பார்மிக் அமிலச் சோதனையைச் செய்யுங்கள். ரப்பர் பால் உறையவைக்கவும் தோல் பதனிடவும் புழங்கும் அதே அமிலம்தான், செறிவு 85 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது, காற்றோட்டமான இடத்திலோ புகைபோக்கியின் கீழோ வைத்துச் செய்ய வேண்டும். இரண்டு கிராம் குருணையைச் சோதனைக் குழாயில் போட்டு அமிலத்தை ஊற்றி, குலுக்கி, ஒரு இரவு நிறுத்தி வையுங்கள். அமிலம் நைலானைக் கரைக்கும், எச்டிபிஇயைத் தொடாது. வினை நடக்காத கலவையில் எச்டிபிஇ மேலே மிதந்து திரண்டு நிற்க, கீழே தெளிந்த திரவம் இருக்கும். வினை நடந்திருந்தால் குழாய் முழுவதும் பால்போல வெளுத்து, மறுநாளும் தெளியாது. ஒட்டுச் சங்கிலியின் நைலான் பாதி அமிலத்தில் கரைந்து, எச்டிபிஇ துகள்களைத் தன்னோடு பிடித்து நிறுத்துகிறது. 1965இல் மோலாவ் என்ற வேதியியலாளர் சொன்ன இந்தச் சோதனைக்கு ஒரு அலமாரி இடம் போதும், விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

டையின் வாயில்

கண்ணுக்குத் தெரிவதையும் விட்டுவிடாதீர்கள். இழை டையை விட்டு வரும்போது குமிழ் விட்டு நுரைத்தால் ஈரம். மேற்பரப்பு சுறாத்தோல்போலச் சொரசொரத்தால் டை குளிர்ந்திருக்கிறது அல்லது உருகல் கெட்டிப்பட்டிருக்கிறது. டைத்துளையைவிட இழை திடீரெனப் பருத்தால் உருகலின் மீள்தன்மை கூடியிருக்கிறது. ஒட்டுவினை தொடங்கும்போது இது கொஞ்சம் வருவது இயல்பு. பருத்தலோடு கண்ணாடித்துண்டு போன்ற கட்டிகளும் வந்தால் வினை எல்லை மீறிவிட்டது, கம்பாடிபிலைசரைக் குறையுங்கள். மூக்கை எரிக்கும் நெடி வினையில் சேராத அன்ஹைட்ரைடு. வெண்டில் வெற்றிடம் சரியாக இழுக்கிறதா, டைக்கு மேலே எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று உடனே பாருங்கள். ஷிஃப்ட் முழுவதும் அங்கேயே நிற்பவருடைய நுரையீரல் சம்பந்தப்பட்டது இது.

வலையோடு வரும் ஈயக்குண்டு பற்றி ஒரு வார்த்தை. ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். 240இல் கட்டியாகவே ஸ்க்ரூவுக்குள் போய் மெஷ்ஷைக் கிழிக்கும், உரசும் தூள் குருணையில் கலந்து நஞ்சாகும். அரவைக்கு முன் கையால் தடவிப் பார்த்து எடுப்பதற்கு மாற்று கிடையாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை எழுதி எந்திரத்தின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். இந்தக் கரைக்கு இது வருடந்தோறும் வரும் கவலை. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. ஸ்க்ரூ நின்றாலும் பேரலின் சூட்டில் வினையும் சிதைவும் தொடர்ந்துகொண்டிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அன்றைய ஓட்டத்தை முன்னதாகவே முடித்து, நைலான் கலவையைச் சுத்த எச்டிபிஇயால் தள்ளி வெளியேற்றிவிட்டு எந்திரத்தை நிறுத்துங்கள். எதிர்பாராமல் கரண்ட் போய்த் திரும்பினால், எல்லா மண்டலமும் குறித்த சூட்டுக்கு வரும்வரை ஸ்க்ரூவைச் சுற்றாதீர்கள், டைக்கு நேர் எதிரே யாரும் நிற்கவும் கூடாது. அடைபட்ட வாயு அழுத்தத்தில் உருகல் பீய்ச்சி அடிக்கும். முதலில் வெளிவரும் சில கிலோ குருணையை எந்த லாட்டிலும் சேர்க்காமல் தனியே ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு லாட்டோடும் ஒரு அட்டை போக வேண்டும்: உலர்த்திய நேரம், மூன்றாவது ஓட்டத்தின் ஆம்பியரும் உருகல் சூடும், ஐந்தாம் நிமிடத்து எம்எஃப்ஐ, பதினைந்தாம் நிமிடத்து எம்எஃப்ஐ, அமிலக் குழாய் தெளிந்ததா வெளுத்ததா. வாங்குபவர் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்பார். நீங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.